மச்சுக்குப் போட்ட கல்பஞ்சு

தாராளமாக உட்காருங்கள் அம்மா, இந்தப் பையைக் காலடியில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைக்கும் இரண்டு தொடையிலுமா போட்டார்கள்? என் பேத்தி இவளுக்கும் அப்படித்தான். ஒரு கத்து கத்தினாள், இந்தக் கட்டிடமே ஆடிப்போயிற்று, அவ்வளவுதான், தூங்கிவிட்டாள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்கிறார்கள் சிஸ்டர். இருப்போம். வீட்டில் மட்டும் என்ன வெட்டி முறிக்கிறோம்.

அதோ, அட்டை எழுதுகிற வரிசையில், பச்சை ஸ்வெட்டர் போட்டு, சடையை முன்னால் விட்டுக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான் என் மருமகள் ஜெமிமா. அவளுக்கு முன்னால் இன்னும் ஒன்பது பத்துப் பேர் இருப்பார்கள். அவள் முறை வரும்போது சிஸ்டர் ஒரு கேள்வி கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்கிறார்கள். ‘அடுத்த ஊசி ஒன்பதாம் மாசம். இங்கதான் போடுவீங்களா, வேற ஊருக்கு எழுதட்டுமா?’ அவ்வளவுதான் கேள்வி. அதற்கு அவள் என்ன சொல்லப்போகிறாளோ, காலையிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

குன்னூர் என்று சொன்னால் என் பிள்ளையும் அவளும் இந்தச் சின்னவளும் என் வீட்டு மச்சிலேயே இருப்பார்கள். கோயம்புத்தூர் என்று சொன்னால் போய்விடுவார்கள். அங்கே அவள் அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார்களாம். ‘பதினாலாவது வாரத்து ஊசி வரைக்கும் இங்க இருந்து பாப்போம்மா’ என்று சொல்லித்தான் எட்வின் கூட்டி வந்தான். இன்றைக்குத்தான் அந்த ஊசி.

என்னத்தைப் பார்க்க வந்தார்கள் என்று கேட்பீர்கள். குளிரைத்தான். வேறென்ன.

எங்கள் வீடு தேவாலயத்துக்குப் பின்னால். தகரக் கூரை. என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர், கர்த்தருக்குள் போய் ஆறு வருடம் ஆகிறது. கூரைக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவில் சும்மா கிடந்த இடத்தில், பலகை அடித்து அவரே ஒரு அறை செய்தார். அதைத்தான் மச்சு என்போம். எட்வின் கல்யாணம் ஆனதும் மச்சை அவனுக்கும் மருமகளுக்கும் கொடுத்தேன். கீழே என் அறை. நடுவில் ஒற்றைப் பலகை. மேலே ஒரு சீப்பு விழுந்தால் எத்தனை பல் உடைந்தது என்று கீழே இருந்து நான் சொல்லிவிடுவேன்.

நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை அம்மா. கண்ணுக்கு இமை வைத்த ஆண்டவர் காதுக்கு ஒன்றும் வைக்கவில்லை, நான் என்ன செய்வேன்?

எட்டாவதுதான் படித்திருக்கிறேன். ஆனால் ஜெபம் எனக்கு ஒரு வரம். எங்கள் சபைப் போதகர் ஐயரே சொல்லியிருக்கிறார், ‘தங்கபுஷ்பம் அம்மா ஜெபிச்சா மைக் தேவையில்லை’ என்று. பாராட்டுத்தான். காலையில் ஐந்து மணிக்கு முழங்கால் போட்டால் ஆறேகால் ஆகும். வாய்விட்டு ஜெபித்தால்தான் எனக்கு ஜெபம். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் சரியாக ஐந்துக்கு எழுந்து நடக்கப் போய்விடுவார். மழையானாலும் பனியானாலும் போவார். அவ்வளவு சுறுசுறுப்பு அந்த மனுஷனுக்கு. பெங்களூரில் இருக்கிற மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போனில் ஜெபிப்பேன். அவள் வீட்டுப் பக்கம் டவர் சரியில்லை, ஆரம்பித்ததுமே கட்டாகிவிடும்.

ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். இந்த மூன்று வருடத்தில் ஜெமிமாவை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவளையே கேட்டுப்பாருங்கள். துணியை ஊறவைத்துவிட்டு மறந்துபோவாள், நான் வாய் திறக்கமாட்டேன். எட்டு மணி வரைக்கும் படுத்திருப்பாள், வாய் திறக்கமாட்டேன். எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொல்லிவிடுவேன். ‘ஆண்டவரே, ஊறின துணியை நினைவுகூராத கைகளுக்கு நினைவைக் கட்டளையிடும். சூரியன் உச்சிக்கு வருமட்டும் உறங்குகிற கண்களுக்கு உம்முடைய விடியலைக் காட்டும்.’ இப்படித்தான். பேரைக்கூடச் சொல்லமாட்டேன். மனது நோகக் கூடாது பாருங்கள்.

எட்வின் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். “அம்மா, ஆண்டவருக்குக் காது நல்லாத்தானே கேக்கும்?”

“அவருக்குக் கேக்கும்டா. எனக்கு நான் சொல்றது கேக்க வேண்டாமா?”

“உனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லேன்.”

“ஏண்டா, ஜெபம் என்ன திருட்டுச் சரக்கா, ஒளிச்சு வைக்க?” என்றேன். சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டான். அவன் அப்பா மாதிரி, நல்ல குணம்.

போன வருடத்துக்கு முந்தின புரட்டாசியில் ஒரு காலை. மேலே இரண்டு பேரும் குதிக்கிறார்கள். ‘ரெண்டு கோடு, எட்வின், ரெண்டு கோடு!’ என்கிறாள் ஜெமிமா. எனக்குப் புரியாதா? இரண்டு பிள்ளை பெற்றவள்தானே நானும். அவர்களாக வந்து சொல்லட்டும் என்று ஒரு வாரம் இருந்தேன். சொல்லவில்லை. வெட்கம்போல. அதற்காக ஜெபத்தைத் தள்ளிப்போட முடியுமா? முதல் மூன்று மாதம்தானே ஆபத்து!

எங்கள் சபையில் சனிக்கிழமை பெண்கள் கூட்டம். அவரவர் வீட்டுப் பாரத்தை எழுந்து சொல்வோம். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டு போய் வாரம் முழுக்க ஜெபிப்பார்கள். ஜெபக்குறிப்பு என்போம். வம்பு இல்லை அம்மா. வம்பு பேசுகிறவர்களுக்காகவும் நாங்கள் ஜெபிக்கிறோம். அந்தச் சனிக்கிழமை நான் எழுந்தேன். சபையில் மூன்று ஜெமிமா இருக்கிறார்கள். ஆண்டவருக்குக் குழப்பம் வராது, எழுதுகிறவர்களுக்கு வருமே. ‘எட்வின் மனைவி ஜெமிமா, ஏழு வாரம்’ என்று தெளிவாகச் சொன்னேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் இருபது பெண்கள் இவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கன்னத்தைத் தடவுகிறாள், ஒருத்தி வயிற்றில் கை வைத்து ஜெபிக்கிறாள், ‘புளிப்பு தேடுதா? அப்ப பையன்தான்’ என்கிறாள் ஒருத்தி. இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிவந்துபோயிற்று. சந்தோஷம் தாங்கவில்லை பிள்ளைக்கு.

பத்தாவது வாரம் அது தங்காமல் போயிற்று.

நாற்பது பேர் ஜெபித்தும் போயிற்று என்றால் அது அவருடைய சித்தம். நாம் கேள்வி கேட்க முடியாது. அதையும் நான் கூட்டத்தில் சொல்லவேண்டியதாயிற்று. ஆரம்பித்த குறிப்பை நடுவில் விடக் கூடாது இல்லையா? நோட்டில் எழுதி வைத்திருப்பார்களே, பத்து வாரம், பதினோரு வாரம் என்று ஜெபித்துக்கொண்டே போவார்களே. சொன்னேன். அந்த வாரம் முழுக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஒருவர் கையில் ஆப்பிள், ஒருவர் கையில் ரஸ்க். எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு வலி வந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இவள் மேலே படுத்திருந்தாள். இறங்கவே இல்லை.

ஒரு நாள் எட்வினிடம் சொல்கிறாள், ‘இந்த வீட்ல அழக்கூட முடியல எட்வின்.’ மறுநாள் காலையில் அதையே பாரமாக எடுத்து ஜெபித்தேன். ‘ஆண்டவரே, அழக்கூட முடியாமல் இருதயம் இறுகிக் கிடக்கிற பிள்ளைக்குக் கண்ணீரைக் கட்டளையிடும்.’ நல்ல உருக்கமான ஜெபம். மேலே சின்னச் சத்தம்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்போல.

அடுத்த வாரமே எட்வின் வேலை ஆளைக் கூட்டிவந்துவிட்டான்.

“குளிர் தாங்கலம்மா, மச்சுக்கு ராக்வூல் போடப்போறோம்” என்றான்.

அது என்ன தெரியுமா? கல்லை உருக்கி, பஞ்சுமிட்டாய் சுற்றுகிற மாதிரிச் சுற்றி எடுக்கிறார்களாம். மெத்தை மெத்தையாக, பழுப்பு நிறத்தில், பிளாஸ்டிக் சுற்றி வந்து இறங்கியது. நான் கல்பஞ்சு என்றுதான் சொல்வேன். வேலை செய்தவர் பேச்சிமுத்து. தச்சு வேலைதான், இதையும் கற்று வைத்திருக்கிறார். கையில் உறை, மூக்கில் துணி, முழுக்கைச் சட்டை. தோலில் பட்டால் அரிக்குமாம். ரொட்டி வெட்டுகிற கத்தி மாதிரி ஒரு நீளக் கத்தியால் வெட்டி, சட்டத்துக்குச் சட்டம் நடுவில் செருகினார். அமுக்கி வைக்கக் கூடாதாம். ‘உள்ள நிக்குற காத்துதான் பெரியம்மா கம்பளி, பஞ்சு சும்மா காத்தப் புடிச்சு வைக்குது, அவ்வளவுதான்’ என்றார்.

கூரைக்கு அடியில் போட்டார்கள். சரி. மழை பெய்தால் தகரத்தில் ஆணிமூட்டையைக் கொட்டுகிற மாதிரிச் சத்தம் வரும், அது நின்றது. அதோடு முடிந்தது என்று பார்த்தால், மச்சுத் தரைப் பலகையைக் கழற்ற ஆரம்பித்தார்கள். எனக்குப் புரியவில்லை.

“ஏண்டா, குளிர் மேலேர்ந்துதானே வரும்? தரைக்கு எதுக்கு?”

எட்வின் பேச்சிமுத்து முகத்தைப் பார்த்தான். பேச்சிமுத்து கத்தியைப் பார்த்தார். அப்புறம் எட்வின், “உனக்காகத்தாம்மா. உன் ரூமுச் சூடு எல்லாம் பலகை வழியா மேல ஏறிப் போயிடுது. தரைக்குப் போட்டா உன் சூடு உன்கிட்டயே நிக்கும்” என்றான்.

என் கண்ணே கலங்கிவிட்டது. எந்தப் பிள்ளை அம்மாவுக்கு இப்படி யோசிக்கும்? கூரையைவிடத் தரைக்குத்தான் அவன் அதிகம் மெனக்கெட்டான். பேச்சிமுத்து கூடவே தவழ்ந்து தவழ்ந்து பார்த்தான். ‘ஒரு விரக்கடை இடைவெளிகூட இருக்கக் கூடாதுண்ணே. இங்க பாருங்க, இந்த மூலையில, இங்க, இங்க.’ ஒரு விரற்கடை விட்டாலும் போதுமாம், எல்லாம் அதன் வழியாக வந்துவிடுமாம். அப்படி அடைத்தார்கள்.

அந்த மார்கழியில் என் அறை அடுப்படி மாதிரி இருந்தது. ஆனால் அவர்களுக்குக் கீழேயிருந்து போகிற சூடு நின்றுவிட்டதே. மேலே கை கால் விறைக்கிறது என்று இரண்டு கம்பளி, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ். எனக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுக் குளிரைத் தாங்கள் எடுத்துக்கொண்ட பிள்ளைகள். இதைச் சாட்சியாகவே சபையில் சொன்னேன். ஐயரம்மா இருமினார்கள்.

ஒரே ஒரு கஷ்டம். மேலே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. நடந்தார்களா, படுத்தார்களா, சாப்பிட்டார்களா, ஒன்றும் கேட்கவில்லை. விஷயமே இல்லாமல் எப்படி ஜெபிப்பது? பழைய பாரங்களையே சொல்லிப்பார்த்தேன். பிறகு உலக சமாதானத்துக்கெல்லாம் ஜெபிக்க வேண்டியதாயிற்று. குரலைக் கொஞ்சம் கூட்டிப்பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மேலே அசைவு இல்லை.

ஆனால் அந்தக் கல்பஞ்சு போட்ட பிறகு ஜெமிமா தேறினாள், அதையும் சொல்லவேண்டும். எட்டு மணிக்கு இறங்குகிறவள் ஏழுக்கே இறங்கினாள். ‘என்ன அத்தை, தோசையா?’ என்று கேட்டாள். உடம்பும் கொஞ்சம் பூசினமாதிரி வந்தது. கோடையில்கூட ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். ஆண்டவர் பிள்ளைக்குச் சதைபோடச் செய்தார் என்று ஸ்தோத்திரம் சொன்னேன். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, கூட்டம் முடிந்து நான் வீட்டுக்குள் வருகிறேன், எட்வின் என்னை உட்காரவைத்து, ‘அம்மா, ஜெமிக்கு ஆறு மாசம்’ என்கிறான்.

ஆறு மாதம்! ஒரே வீடு. ஒரே அடுப்பு. நான் ஊற்றிக் கொடுத்த தோசை அத்தனையும் இரண்டு பேருக்குப் போயிருக்கிறது. ‘ஏண்டா கூட்டத்துக்கு முன்னால சொல்லக் கூடாது?’ என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை, அதாவது அடுத்த கூட்டத்துக்கு முதல் நாள், அவள் அம்மா வந்து பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் கூட்டிப்போய்விட்டார்கள். குழந்தை பிறந்த மூன்றாம் நாள்தான் எனக்குப் போன் வந்தது. படத்தில்தான் பார்த்தேன் இவளை. பரவாயில்லை. அவர்களுக்கு அலைச்சல்.

தை பிறந்ததும் எட்வின் பேசினான். மூன்றாம் மாதம் கூட்டி வருகிறேன், ஊசி வரைக்கும் இருந்து பார்க்கிறோம் என்றான். எனக்கு அன்று முழுதும் ஒரே நினைப்பு. குழந்தை மச்சில் அழும். எனக்குக் கேட்காது. இரண்டு பேரும் இடி விழுந்தாலும் எழும்பாத தூக்கக்காரர்கள். பிள்ளை அழுது அழுது நீலம் பாரித்தாலும் பாட்டிக்காரி கீழே உலக சமாதானத்துக்கு ஜெபித்துக்கொண்டிருப்பேன். ஆகாது என்று முடிவு செய்தேன். அவர்கள் வருவதற்குள் தரைப் பஞ்சை எடுத்துவிட வேண்டும்.

பேச்சிமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். வந்ததும் முதல் கேள்வி, “தம்பி சொன்னாரா பெரியம்மா?”

“வீடு என் பேர்ல இருக்கு.”

“அது சரி. தம்பி சொன்னாரா?”

உட்காரவைத்து டீ கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன், இப்போது உங்களிடம் சொன்ன மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார். ‘முதல்ல ஒரு பலகை மட்டும் எடுக்கிறேன். கேக்குதான்னு பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க’ என்று மேலே ஏறினார். என் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு பலகையைக் கழற்றி, ஒரு பஞ்சு மெத்தையை உருவினார். ‘கேக்குதா பெரியம்மா? ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்றார். என் காதுக்குள் உட்கார்ந்து சொல்கிற மாதிரிக் கேட்டது. சந்தோஷத்தில் பதிலே சொல்ல மறந்துபோனேன். கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். அந்த நேரம் அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது.

“ஆமாடி, மதியத்துக்கு வந்துருவேன்… ஒரு பெரியம்மா. நல்லதுதான், டீ குடுத்துச்சு, முறுக்குக் குடுத்துச்சு. வாய்தான். மருமக வயித்துல நின்னத ஊரக் கூட்டிச் சொல்லி, போனப்புறம் அதயும் ஊரக் கூட்டிச் சொல்லிருக்கு. அந்தப் பையன் அன்னிக்கு எங்கிட்ட வந்து நிக்கிறான். ‘அண்ணே, எம்பொண்டாட்டி ஒரு மாசமா வாய்விட்டு அழலண்ணே, அவ அழறதுக்கு ஒரு ரூமு செஞ்சு குடுங்க’ங்கிறான். எங்க அம்மாவா இருந்தா பஞ்சா போடுவேன், காங்கிரீட்டுல்ல ஊத்திருப்பேன்… இப்பப் புடுங்கணுமாம். புடுங்கினா அந்தப் புள்ளைங்க பச்சப்புள்ளயத் தூக்கிட்டு மலையிறங்கிரும். அப்புறம் இந்தப் பெரியம்மா யாருக்கு முறுக்குச் சுடும்?”

யார் வீட்டுக் கதையோ. பேச்சிமுத்து பல வீட்டுக்கு வேலைக்குப் போகிறவர். எல்லா வீட்டிலும் டீ கொடுப்பார்கள். முறுக்கும் கொடுப்பார்கள். கொடுக்கமாட்டார்களா என்ன?

பாவம், அந்தப் பெரியம்மா கெட்டது நினைத்துச் செய்திருக்கமாட்டாள். யாராவது ஒரு வார்த்தை அவளிடம் நேரே சொல்லியிருக்கலாம். ஒருவேளை சொல்லியும் இருப்பார்கள். அவளுக்காக ஜெபிக்கலாம் என்று முழங்கால் போட்டேன். வாயைத் திறக்கப் போனேன், மேலே பலகை திறந்து கிடக்கிறது, நான் சொல்வதெல்லாம் அவருக்குக் கேட்டுவிடுமே. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அப்படி வாயை மூடி ஜெபிப்பது எனக்குப் பழக்கமே இல்லை. என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. சும்மா முழங்காலில் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது.

அவர் இறங்கி வந்து, “மத்ததயும் கழட்டட்டுமா பெரியம்மா?” என்றார்.

“வேண்டாம். எடுத்ததையும் திருப்பி வைங்க.”

“ஏன், கேக்கலயா?”

“பச்சைப்பிள்ளைக்குக் குளிரும்” என்றேன்.

அவர் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மேலே போனார். நானும் கூடவே ஏறிப்போய் நின்றேன். மூலையில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. ‘இதை அடைக்காம விட்டீங்களே’ என்று காட்டினேன். அவர் திரும்புவதற்குள் நானே ஒரு துண்டைப் பிய்த்துச் செருகினேன். இரண்டு நாள் கையெல்லாம் அரிப்பு. தேங்காயெண்ணெய் தடவித்தான் நின்றது.

இவர்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் காலையில் நான் முழங்கால் போட்டு, ‘ஆண்டவரே’ என்று ஆரம்பிக்கிறேன், மரப்படியில் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஜெமிமா. தலை கலைந்து, கண் சொருகி, தோளில் இந்தச் சின்னவள். நான் கேட்கவில்லை, கூப்பிடவில்லை. “அத்தை, ராத்திரி பூரா தூங்கவிடல. ஒரு அரை மணி நேரம் வச்சுக்கிறீங்களா?” என்று என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். எட்டரைக்குத்தான் இறங்கினாள். அன்றிலிருந்து தினமும் வருகிறாள். தினமும் ஐந்து மணி.

மடியில் தூங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு சத்தமாக ஜெபிக்க முடியுமா? உதடு மட்டும்தான் அசைகிறது. அதில் ஒரு தொந்தரவு பாருங்கள், சத்தம் இல்லாவிட்டால் பாதி விஷயம் ஞாபகமே வரமாட்டேன் என்கிறது. ஊறின துணி, உச்சிவெயில் தூக்கம் ஒன்றும் நாவில் வருவதில்லை. இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் ஜெபம் முடிந்துவிடுகிறது. இதையெல்லாம் ஜெபம் என்று கணக்கில் எடுப்பாரோ என்னவோ.

சனிக்கிழமை கூட்டத்தில் போன வாரம் என் முறை வந்தது. ‘குறிப்பு ஒன்றும் இல்லை’ என்று உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு, என்னையே பார்க்கிறார்கள். ஒருத்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா என்றாள்.

இதையெல்லாம் நான் வெளியே பேசுகிறவள் இல்லை அம்மா. வீட்டு விஷயம் வீட்டைத் தாண்டக் கூடாது என்பதில் நான் ரொம்பக் கண்டிப்பு. உங்கள் பிள்ளை முகத்தைப் பார்த்ததும் என்னமோ சொல்லத் தோன்றியது.

அடடா, ஜெமிமா உட்கார்ந்துவிட்டாள். இவள் முறைதான். சிஸ்டர் அட்டையை வாங்கிவிட்டார்கள். கேட்கிறார்கள், பாருங்கள், நிமிர்ந்து கேட்கிறார்கள். இவள் வாய் அசைகிறது. இந்தப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து இப்போதா கத்தவேண்டும்! நீங்கள் சின்ன வயசு, உங்களுக்குக் காது நன்றாகக் கேட்குமே, என்ன சொல்கிறாள்? குன்னூர் என்றாளா?

இல்லை. வேண்டாம். கேட்டிருந்தாலும் சொல்லாதீர்கள். அவளே சொன்னால் சொல்லட்டும். சொல்லாவிட்டாலும் போகட்டும்.

எழுதுகிறார்கள். முத்திரை குத்துகிறார்கள். வருகிறாள். நேராக உட்காருங்கள் அம்மா, நாம் பேசாமல் இருப்போம்.

வா ஜெமி. இல்லம்மா, அழவே இல்ல, அப்படியே தூங்கிட்டா. என்னது, அட்டையை என்கிட்டயா? ஏன், நீயே வச்சுக்கயேன்… ‘எட்வின் எங்கயாவது வச்சுத் தொலைச்சிருவாரு அத்தை, ஒன்பதாம் மாசம் வரைக்கும் உங்க பீரோவிலயே இருக்கட்டும்’ங்கிறியா? என் பீரோவிலயா?

சரிம்மா. கொடு. நான் பார்க்கல, மூடித்தான் வைக்கிறேன். சரி, நீயே காட்டினா பார்க்கிறேன். ஆகஸ்ட் மாதம், புதன்கிழமை. இடம்…

சரி. சரிம்மா. பைக்குள்ள அடியில வைக்கிறேன், கசங்காது. இவளைப் பிடி, நான் எழும்பணும், கால் மரத்துப்போச்சு.

யாரு, இவங்களா? தெரியாதும்மா. சும்மா பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. நாங்க ஒண்ணும் பேசல. பேருகூட நான் கேக்கல.